பாடியவர், சேகரித்தவர், பதிப்பித்தவர்: ஒப்பாரிப் பாடல் தொகுப்பு ஒன்றின் மறுபதிப்பில் பெயர்கள் விடுபட்டதும் சேர்க்கப்பட்டதும் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்மாவட்டம் ஒன்றின் சிற்றூர்களில் 1996, 1997 ஆகிய ஆண்டுகளில் ஒலிநாடாவில் பதிவு செய்யப்பட்ட 112 நாட்டுப்புறப் பாடல்கள், அடுத்த சில ஆண்டுகளில் ஒரு நூலாக வெளிவந்தன. பாதிக்கு மேற்பட்டவை ஒப்பாரிகள். எஞ்சியவை தாலாட்டும் நடவுப் பாட்டும். ஒரு பல்கலைக்கழகத் துறையின் நிதியுதவித் திட்டத்தின் கீழ் இந்தச் சேகரிப்பு நடந்தது. திட்டத்தை வகுத்து நடத்தியவர் துறைப் பேராசிரியர். ஊர் ஊராகச் சென்று பாடல்களைப் பதிவு செய்தவர் அத்திட்டத்தில் உதவித்தொகை பெற்ற ஆய்வாளரான ஒரு பெண். நூலின் அட்டையிலும் தலைப்புப் பக்கத்திலும் பேராசிரியரின் பெயர் மட்டுமே 'ஆசிரியர்' என்று இருந்தது. ஆய்வாளரின் பெயர் முன்னுரையின் கடைசிப் பத்தியில், தட்டச்சு செய்தவருக்கும் அட்டை வரைந்தவருக்கும் நன்றி சொல்லும் வரிசையில் மூன்றாவதாக வந்தது. பாடிய பெண்களில் ஒருவர் பெயர்கூட நூலில் இல்லை. "பாமர மக்களின் வாய்மொழியிலிருந்து" என்ற ஒரு தொடரோடு அவர்கள் முடிந்துவிட்டார்கள்.

பேராசிரியர் காலமாகிவிட்டார். நூல் நெடுநாளாகக் கிடைக்கவில்லை. எங்கள் சிறு பதிப்பகம் அதை மறுபதிப்பாகக் கொண்டுவர முடிவு செய்தபோது, அந்தப் பொறுப்பு பதிப்பாசிரியர் என்ற முறையில் என்னிடம் வந்தது. பேராசிரியரின் பிள்ளைகளிடம் எழுத்துமூலம் அனுமதி பெற்றோம். முதற்பதிப்பை வெளியிட்ட நிறுவனத்துடன் பேராசிரியர் செய்துகொண்ட ஒப்பந்தம் ஒரு பக்கக் கடிதமாக இருந்தது. அதில் கால வரையறை எதுவும் சொல்லப்படவில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, காலம் குறிப்பிடப்படாத உரிமை மாற்றம் 5 ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால் அந்த நிறுவனத்தின் உரிமை எப்போதோ முடிந்திருந்தது. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றே நான் நினைத்தேன். பாடல்களை உண்மையில் யார் பாடினார், யார் எழுதியெடுத்தார் என்ற கேள்வியை அந்தக் கட்டத்தில் நான் எழுப்பவில்லை. இந்த நிகழ்வில் பின்னால் வந்த சிக்கல்கள் எல்லாம் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதிலிருந்து தொடங்கின.

சிக்கல் வெளிப்பட்ட விதம்

பேராசிரியரின் வீட்டுப் பரணில் மூல ஒலிநாடாக்கள் இருந்தன. அவற்றைக் கணினிக்கு மாற்றி, நூலில் பாடல்களின் அருகே க்யூஆர் குறியீடு அச்சிட்டு, வாசகர் கைப்பேசியிலேயே பாடலைக் கேட்கும்படி செய்யலாம் என்பது எங்கள் திட்டம். முன்வெளியீட்டு விளம்பரத்துக்காக ஓர் ஒப்பாரியிலிருந்து இரண்டு நிமிடப் பகுதியை வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். அது கை மாறி மாறிச் சென்று, நான்காம் நாள் பாடியவரின் பேத்தியிடம் போய்ச் சேர்ந்தது.

அவர் தொலைபேசியில் அழைத்தார். கோபமாகப் பேசவில்லை. "சார், அது எங்க ஆச்சி குரல். எங்க மாமாவுக்காக அழுதது அது. உங்களுக்கு எங்க இருந்து கிடைச்சுது?" என்று கேட்டார். உப்பளத்துக்கு வேலைக்குப் போன மகன் உயிரோடு திரும்பாததை எண்ணித் தாய் பாடிய ஒப்பாரி அது. மகனின் பெயர், அவன் ஓட்டிய மிதிவண்டி, அவன் கட்டி முடிக்காமல் விட்ட சுவர் எல்லாம் பாட்டுக்குள் வருகின்றன. நூலில் அந்தப் பாடலுக்கு "மகன் இறந்தபோது பாடுவது" என்று பொதுத் தலைப்பு இட்டிருந்தார்கள். மகனின் பெயர் வரும் இடங்களில் எல்லாம் 'மகனே' என்று மாற்றப்பட்டிருந்தது. குறிப்பிட்ட ஒரு தாய் குறிப்பிட்ட ஒரு மகனுக்காகப் பாடியதை, எந்தத் தாயும் எந்த மகனுக்கும் பாடக்கூடிய ஒன்றாக நூல் ஆக்கிவிட்டிருந்தது.

அன்று மாலையே ஒலிப்பதிவை எங்கள் பக்கத்திலிருந்து நீக்கி, அச்சுப் பணியை நிறுத்தினோம். முதல் மெய்ப்பு திருத்தி முடிந்து இரண்டாம் மெய்ப்பு வந்திருந்த நேரம் அது. ஏற்கெனவே பலரின் கைப்பேசிகளுக்குப் போய்விட்ட குரலைத் திரும்பப் பெற எங்களிடம் வழி இருக்கவில்லை.

ஆவணங்களில் கண்டவை

அடுத்த ஆறு வாரங்கள் மூல ஆவணங்களைத் தேடுவதிலும் ஒப்பிடுவதிலும் சென்றன. களப்பணி செய்த ஆய்வாளர் இப்போது கல்லூரி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றிருக்கிறார். அவரைச் சந்திக்கச் சென்றபோது, 14 களக் குறிப்பேடுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். பாடியவர் பெயர், வயது, ஊர், பதிவு செய்த நாள், எந்தச் சூழலில் பாடினார், அருகில் யார் இருந்தார்கள் என்பது வரை அவற்றில் எழுதப்பட்டிருந்தது. நாடாவைக் கேட்டுக் கேட்டு வரி வரியாக எழுதியெடுத்ததும், நூலின் பின்னிணைப்பில் உள்ள வட்டாரச் சொல் விளக்கத்தைத் தயாரித்ததும் அவரே என்பது கையெழுத்திலிருந்தே தெரிந்தது.

பேராசிரியரின் தாள்களுக்கிடையே கிடைத்த திட்ட அறிக்கையின் தட்டச்சுப் படி இதற்கு அடுத்த முக்கியச் சான்று. நிதியளித்த அமைப்புக்கு அளிக்கப்பட்ட அந்த அறிக்கையில் 'களப்பணி' என்ற தலைப்பின் கீழ் ஆய்வாளரின் பெயர் தனியாக இருந்தது. பாடியவர்கள் 38 பேரின் பட்டியலும் இணைக்கப்பட்டிருந்தது. பட்டியலின் ஓரத்தில் பென்சிலால் "சேர்த்தால் ஒரு ஃபாரம் கூடும்" என்று எழுதியிருந்தது. ஒரு ஃபாரம், அதாவது 16 பக்கக் காகிதச் செலவுக்காக 38 பேரின் பெயர்கள் நூலிலிருந்து விலகின. பேராசிரியர் யாருடைய உழைப்பையும் மறைக்கத் திட்டமிடவில்லை என்பதற்கு அந்த அறிக்கையே சாட்சி. அச்சுக்குப் போகும் கடைசிக் கட்டத்தில், குறைக்கக்கூடியது என்று முதலில் கண்ணில் பட்டது பெயர்ப் பட்டியல். பதிப்புத் தொழிலில் இருக்கும் எனக்கு அந்தப் பென்சில் வரி அந்நியமாகத் தோன்றவில்லை. அதனால்தான் அது மிகவும் வருத்தியது.

நாடாவையும் நூலையும் ஒப்பிட்டபோது வேறு இரண்டு செய்திகள் தெரிந்தன. பேச்சு வழக்கு பல இடங்களில் எழுத்து வழக்காகத் திருத்தப்பட்டிருந்தது. 'வந்தியளா' என்று நாடாவில் கேட்பது நூலில் 'வந்தீர்களா' என்று இருந்தது. இதைவிடக் கடுமையானது, நான்கு ஒப்பாரிகள் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு பெண்கள் பாடிய பகுதிகளை ஒட்டி ஆக்கப்பட்டவையாக இருந்தன. ஒப்பாரியில் பொதுவாக வழங்கும் உவமைகளும் தொடக்க வரிகளும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் அந்த ஒட்டு வாசிப்பவர் கண்ணுக்குத் தெரியாது. குறிப்பேடு இல்லாவிட்டால் எங்களுக்கும் தெரிந்திருக்காது.

சட்ட நிலையை ஆராய்ந்தது

சட்டத்தை முதலில் பார்த்து, அதற்குமேல் என்ன செய்வது என்று பிறகு முடிவெடுக்கலாம் என்று நினைத்தோம். பதிப்புரிமை பற்றிப் பழக்கமுள்ள ஒரு வழக்கறிஞரின் உதவியோடு, நூலை ஒரே படைப்பாகக் கொள்ளாமல் அதன் அடுக்குகளைப் பிரித்துப் பார்த்தோம்.

முன்னுரையும் ஆய்வுக் கட்டுரையும் பேராசிரியருடையவை; அவற்றின் உரிமை அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் அவருடைய வாரிசுகளிடம் இருக்கும். இதில் யாருக்கும் ஐயமில்லை. சொல் விளக்கத்தைப் பொறுத்தவரை, பணி ஒப்பந்தத்தின் கீழ் ஊழியர் ஆக்கியதன் முதல் உரிமையாளர் பணியளித்தவர் என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. உதவித்தொகை பெற்ற ஆய்வாளர் ஊழியரா என்பதில் இரு தரப்பும் வாதிட இடமுண்டு. அந்த வாதத்துக்குள் நாங்கள் நுழையவில்லை. உரிமை யாரிடம் இருந்தாலும், ஆக்கியவர் தம் பெயரைக் கோரும் உரிமையை 57-ஆம் பிரிவு தனியே காக்கிறது. பதிப்புரிமையை முழுவதும் கைமாற்றிய பிறகும் அது ஆக்கியவரை விட்டு நீங்குவதில்லை. எனவே 'யாருக்குப் பணம்' என்ற கேள்வியும் 'யாருக்குப் பெயர்' என்ற கேள்வியும் வெவ்வேறு என்று தெளிந்தோம். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே எங்கள் தொழிலில் நடக்கும் பெரும்பாலான மனக்கசப்புகளுக்கு வேர் என்பது என் கருத்து.

பாடல்களில்தான் நெடுநேரம் நின்றோம். தலைமுறைகளாக வழங்கிவரும் ஒரு தாலாட்டின் சொற்களுக்கு ஆசிரியர் யாரென்று சொல்ல முடியாது; அச்சொற்களுக்கு எவரும் தனியுரிமை கோரவும் இயலாது. ஆனால் உப்பளத்து மகனுக்காகப் பாடிய ஒப்பாரி அப்படிப்பட்டதன்று. அதன் சட்டகம் மரபினுடையது; உள்ளே உள்ள செய்தியும் வரிகளும் அந்தத் தாயினுடையவை. அவரை அப்பாடலின் ஆசிரியராகவே கருத வேண்டும் என்று முடிவு செய்தோம். ஆசிரியர் மறைந்த பிறகு 57-ஆம் பிரிவின் உரிமையை அவருடைய சட்டப் பிரதிநிதிகள் செலுத்தலாம். ஆசிரியர் என்று உரிமை கோருவதும் அதில் அடங்கும்படி 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்திருக்கிறது.

சொற்கள் எவருடையவையாக இருந்தாலும் பாடியவருக்கென்று தனி உரிமையும் உண்டு. 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக நிகழ்த்துநர் உரிமை இந்தியச் சட்டத்துக்குள் வந்து 1995 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. பாடகரை அச்சட்டம் நிகழ்த்துநராகவே கொள்கிறது. மேடையில் பாடினாரா, வீட்டுத் திண்ணையில் பாடினாரா என்று பார்ப்பதில்லை. முதலில் 25 ஆண்டுகளாக இருந்த காலம் 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 50 ஆண்டுகளாயிற்று. 1997-இல் பாடிய பாடலுக்கு 2047 முடிய அது செல்லும். ஆராய்ச்சிக்காக மட்டும் ஒலிப்பதிவு செய்வதை 39-ஆம் பிரிவு அனுமதிப்பதால் ஆய்வாளர் அன்று செய்தது முறையானதே. அதே ஒலியை விலைக்கு விற்கும் நூலோடு இணைத்துப் பொதுமக்களிடம் கொண்டுசெல்வது ஆராய்ச்சி என்ற எல்லைக்குள் அடங்காது. இரண்டு நிமிட விளம்பரத்தின் மூலம் நாங்கள் அந்த எல்லையை ஏற்கெனவே தாண்டியிருந்தோம்.

ஒலிப்பதிவின் உரிமை, அதைத் தயாரிக்கும் முயற்சியையும் பொறுப்பையும் ஏற்றவருக்கு உரியது. இங்கே அது பல்கலைக்கழகத் திட்டம் என்பதால், துறைக்கு எழுதித் தடையில்லாக் கடிதம் பெற்றோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

தலைப்புப் பக்கத்தில் 'ஆசிரியர்' என்ற ஒற்றைச் சொல்லை எடுத்துவிட்டு, யார் எதைச் செய்தார் என்று எழுதுவது முதல் முடிவு. "திட்டமும் ஆய்வுரையும்" என்பதன் கீழ்ப் பேராசிரியர் பெயரும், "களச் சேகரிப்பு, ஒலிநாடாவிலிருந்து எழுதியெடுத்தல், சொல் விளக்கம்" என்பதன் கீழ் ஆய்வாளர் பெயரும் இடம்பெற்றன.

பேராசிரியரின் மகனுக்கு இது எளிதில் உடன்பாடாகவில்லை. "அப்பா உயிரோடு இருந்தபோது யாரும் கேட்கவில்லை; இப்போது அவர் பெயரைக் குறைக்கிறீர்கள்" என்றார். அவர் வருத்தம் நியாயமற்றது என்று நான் எண்ணவில்லை. தந்தையின் நூல் என்று நெடுங்காலம் அலமாரியில் வைத்துப் பார்த்தவர் அவர். அவரோடு வாதிடாமல், தந்தையின் கையொப்பமிட்ட திட்ட அறிக்கையையும் பட்டியலையும் அவரிடமே கொடுத்தோம். ஒரு வாரம் கழித்து அழைத்து, "அப்பாவே எழுதியிருக்கிறார், அச்சில்தான் வரவில்லை. அறிக்கையில் உள்ளபடியே போட்டுவிடுங்கள்" என்றார். வேறு எந்தச் சட்டப் பிரிவும் செய்ய முடியாததை அந்தப் பழைய தட்டச்சுப் படி செய்தது.

அட்டையிலும் ஆய்வாளரின் பெயரைச் சேர்க்க விரும்பினோம். அவர் மறுத்தார். "அட்டையில் வேண்டாம். ஒவ்வொரு பாட்டுக்கு அடியிலும் பாடினவங்க பேரும் ஊரும் போடுங்க, சேகரித்தவர்னு என் பேரும் அங்கே இருந்தால் போதும்" என்றார். நா. வானமாமலை 1964-இல் பதிப்பித்த நாட்டுப்பாடல் தொகுப்பில் பாடல்களின் அடியில் சேகரித்தவர் பெயரும் இடமும் இருப்பதை அவர் எடுத்துக் காட்டினார். ஏடு கொடுத்து உதவியவர்களின் பெயரையும் ஊரையும் முகவுரையில் வரிசையாகக் குறித்த உ.வே. சாமிநாதையர் காலத்திலிருந்தே தமிழ்ப் பதிப்பில் இந்த ஒழுக்கம் இருக்கிறது. எங்கள் நூல்தான் அதிலிருந்து விலகியிருந்தது. அவர் விருப்பப்படியே செய்தோம். ஆயினும் அவர் பெயர் அட்டையிலும் இருந்திருக்க வேண்டும் என்றே இன்றும் கருதுகிறேன். நூலக அட்டவணைகளில் பாடலின் அடியில் உள்ள பெயர் ஏறுவதில்லை.

ஒட்டப்பட்ட நான்கு ஒப்பாரிகளைப் பிரித்து, நாடாவில் உள்ளபடி ஒன்பது பாடல்களாக அச்சிட்டோம். பேச்சு வழக்கை மீட்டோம். பழைய பாடம் பிற்காலக் கட்டுரைகளில் மேற்கோளாகப் போயிருக்கக்கூடும் என்பதால், எங்கெங்கு மாற்றம் என்பதைக் காட்டும் அட்டவணை ஒன்றைப் பின்னிணைப்பாகச் சேர்த்தோம்.

பணப் பங்கீட்டில் நாங்கள் முதலில் எண்ணியது நடைமுறைக்கு ஒவ்வவில்லை. விலை 350 ரூபாய், அச்சிடுவது 600 படிகள், உரிமத்தொகை 10 விழுக்காடு என்றால் எல்லாம் விற்றால் 21,000 ரூபாய். அந்தப் பத்து விழுக்காட்டில் இரண்டைப் பாடியவர்களுக்கு ஒதுக்கினால் மொத்தம் 4,200 ரூபாய். கண்டுபிடிக்க முடிந்த 23 குடும்பங்களுக்கு அதைப் பிரித்தால் ஒரு குடும்பத்துக்கு 200 ரூபாய்கூட வராது. கணக்கில் நேர்மையாகவும் கையில் கொடுக்கும்போது அவமதிப்பாகவும் இருக்கும் ஒரு தொகை அது. எனவே உரிமத்தொகையை வாரிசுகளுக்கு 6 விழுக்காடு, ஆய்வாளருக்கு 4 விழுக்காடு என்று எழுதி, பாடியவர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் நூலின் இரண்டு படிகளும் 1,000 ரூபாயும் பதிப்பகச் செலவில் கொடுத்தோம். அந்த 23,000 ரூபாய், மொத்த உரிமத்தொகையைவிட அதிகம். இன்னொரு நூலை அந்த ஆண்டு தள்ளிவைத்தே அதைச் செய்ய முடிந்தது.

ஒலிப்பதிவுக்கு வீடு வீடாகச் சென்று இசைவு கேட்டோம். ஆய்வாளரும் உடன் வந்தார்; பாடியவர்களில் உயிரோடு இருந்த ஆறு பேரில் நால்வர் அவரைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொண்டார்கள். தாலாட்டுக்கும் நடவுப் பாட்டுக்கும் ஏறத்தாழ எல்லோரும் மகிழ்வோடு ஒப்புக்கொண்டார்கள். ஒப்பாரி என்றதும் பலர் தயங்கினார்கள். சாவு வீட்டில் அழுத குரல், நல்ல நாளும் கெட்ட நாளும் பாராமல் முன்பின் தெரியாதவர் கைப்பேசியில் ஒலிப்பதை அவர்கள் விரும்பவில்லை. இதை நாங்கள் முன்கூட்டி நினைத்திருக்க வேண்டும். ஒப்பாரிகளில் எழுத்துமூல இசைவு கிடைத்த ஐந்தை மட்டும் ஒலியாக வைத்துக்கொண்டு, மற்றவற்றின் க்யூஆர் குறியீடுகளை நீக்கினோம்.

பின்விளைவு

நூல் ஏழு மாதம் தாமதமாக வந்தது. முன்பதிவு செய்தவர்களில் சிலர் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பெயர்ப் பட்டியலாலும் பாட வேறுபாட்டு அட்டவணையாலும் இரண்டு ஃபாரம் கூடியது. குறிப்பேட்டில் 38 பெயர்கள் இருந்தும், எந்தப் பாடலை யார் பாடினார் என்று உறுதி செய்ய முடியாத இடங்கள் எஞ்சின; அங்கெல்லாம் 'வாய்மொழி' என்ற பழைய சொல்லைப் போடாமல் "பாடியவர் பெயர் குறிப்பேட்டில் இல்லை" என்று வெளிப்படையாக எழுதினோம். நூல் வெளிவந்த இரண்டாம் மாதம், அப்படிப்பட்ட ஒரு பாடலைப் படித்துவிட்டு அது தம் சித்தி பாடியது என்று ஒருவர் எழுதினார். நாடாவின் அந்தப் பகுதியை அவருக்குக் கேட்கக் கொடுத்து உறுதி செய்துகொண்டோம். அடுத்த அச்சில் அந்தப் பெயர் சேரும்.

இனி மாற்றிக்கொண்டவை

மறுபதிப்பு ஒப்பந்தத்துக்கு முன்பே மூல நாடா, குறிப்பேடு, கைப்படி எவரிடம் உள்ளன என்று கேட்டு எழுதி வாங்குகிறோம். வாரிசு கையொப்பமிட்டால் போதும் என்ற பழக்கத்தை விட்டுவிட்டோம். களப்பணி சார்ந்த நூல்களுக்கான ஒப்பந்தப் படிவத்தில், பாடியவர் அல்லது தகவல் தந்தவர், சேகரித்தவர், எழுதியெடுத்தவர், பதிப்பித்தவர் என்று நான்கு இடங்கள் தனித்தனியாக உள்ளன. ஓரிடம் காலியாக இருந்தால் அதற்கான காரணத்தை எழுதாமல் நூல் அச்சுக்குப் போவதில்லை. அச்சுக்கான இசைவும் ஒலிக்கான இசைவும் தனித்தனித் தாள்களில் பெறப்படுகின்றன. பக்கம் குறைக்க நேரும்போது பெயர்ப் பட்டியலில் கைவைப்பதில்லை என்பது எழுதாத விதியாக இருந்தது. இப்போது எழுதி வைத்திருக்கிறோம்.

எங்களால் இன்னும் தீர்வு காண முடியாத ஒன்று உண்டு. பாடியவரின் பிள்ளைகளுக்குள்ளேயே ஒருவர் இசைந்து மற்றவர் மறுத்தால் யார் சொல்லைக் கேட்பது என்பதில் இரண்டு வீடுகளில் சிக்கினோம். இரண்டு இடத்திலும் மறுப்பையே ஏற்று ஒலியை விட்டுவிட்டோம். அது சரியா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். இசைந்த மகளின் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

உப்பளத்து மகனின் ஒப்பாரி, தாயின் பெயரோடும் மகனின் பெயரோடும் நூலில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் க்யூஆர் குறியீடு இல்லை. அச்சிடப் பேத்தி இசைந்தார். குரலை வெளியிட மறுத்தார். "படிக்கிறவங்க படிக்கட்டும். கேக்கணும்னு ஆசைப்பட்டா எங்க வீட்டுக்கு வரட்டும்" என்றார். ஆச்சியின் குரலில் அவர்களிடம் வேறு பதிவு எதுவும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒப்பாரியையும், நாடாவின் அதே பக்கத்தில் அதற்கு முன் அவர் ஆய்வாளரிடம் மழையைப் பற்றியும் ஆட்டுக்குட்டியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்த 11 நிமிடங்களையும், வெட்டாமல் அப்படியே பிரதி எடுத்து அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தோம்.